ஆளில்லாக் கரை

நிரஞ்சனாவின் படங்களில் கடல் இருக்கும், கட்டடம் இருக்கும், மனிதர்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். அதற்காகவே அவளைக் கொண்டாடினார்கள். நட்சத்திர ஓட்டல்களின் வரவேற்பறைகளிலும் பெரிய மனிதர்களின் சாப்பாட்டு மேஜைக்கு மேலேயும் அவளுடைய சென்னை தொங்கியது. கறுப்பு வெள்ளையில், சத்தமே இல்லாத ஒரு சென்னை. இப்படி ஒரு சென்னையை நாங்கள் பார்த்ததே இல்லையே என்று எல்லாரும் வியந்தார்கள். எப்படிப் பார்த்திருப்பார்கள்? அப்படி ஒன்று கிடையவே கிடையாது.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கேமராவின் கண்ணுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டுவாள். வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே இறங்கும். அதனால் கால் மணி நேரம் திறந்தே வைக்க வேண்டும். அந்தக் கால் மணி நேரமும் அசையாமல் நின்றது எதுவோ, அது படத்தில் விழும். நடந்தவர்கள், ஓடியவர்கள், பேரம் பேசியவர்கள், சண்டை போட்டவர்கள் யாரும் விழ மாட்டார்கள். அலைகள்கூட வெறும் வெண்புகையாகப் படிந்துவிடும்.

அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது நெடுங்கரைக் குப்பம். பாதி மணலிலும் பாதி தண்ணீரிலுமாக ஒரு பழைய இறங்குதுறையின் கல்தூண்கள் அங்கே வரிசையாக நிற்கும். அவற்றுக்குப் பின்னால் வளைந்து போகும் கரை, கரையின் முடிவில் வானத்தை உரசும் கண்ணாடிக் கட்டடங்கள். பன்னிரண்டு வருடமாக அதே இடத்தில் முக்காலியை ஊன்றுகிறாள். கேமராவைத் திறந்துவிட்டு, குப்பத்து டீக்கடைக்குப் போய் ஒரு டீ குடிப்பாள். மீன் விற்கும் பெண்களோடு ஊர்க்கதை பேசுவாள். திரும்பி வந்து கேமராவை மூடுவாள். படத்தில் தூண்கள் இருக்கும், கட்டடங்கள் இருக்கும், வெறும் மணல் இருக்கும்.

அன்று காலை அந்த மணலில் மஞ்சள் பெயின்ட் அடித்த முளைகள் வரிசையாக நின்றன.

"இன்னாக்கா இது?" என்று கேட்டாள் நிரஞ்சனா. இந்த 'இன்னா' அவளுக்கு அங்கே வந்து ஒட்டிக்கொண்டது.

மீன் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தேசம்மா முளையை ஒரு பார்வை பார்த்தாள். அறுபதை நெருங்கும் அவள் குரலுக்குக் குப்பமே திரும்பும்.

"செவுரு கட்டப் போறாங்களாம் போட்டோம்மா. கடல தடுக்கறதுக்குச் செவுரு, அதும் மேல பணக்காரனுங்க நடக்கறதுக்குப் பாதை. அமாவாசை கயிச்சி வேல ஆரம்பமாம்."

"அப்ப படகெல்லாம் எங்க ஏத்துவீங்க?"

"அத்தான் நானும் கேட்டேன். அளக்க வந்தவன் என் கூடைய மெறிச்சிக்கினு நின்னு சொல்றான், 'இந்தக் கரையில ஆளே பொழங்கறதில்ல'ன்னு. எங்கைல கத்தி கீது, எதிர்ல பத்துப் பேரு மீனு வாங்கிக்கினு கீறாங்க. ஆளே இல்லியாம்!"

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். நிரஞ்சனாவும் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் தன் முக்காலியைத் திரும்பிப் பார்த்தாள். ஆளே இல்லாத கரை. அதை எங்கே பார்த்திருப்பான் அவன்?

அன்று படம் எடுக்காமல் முக்காலியை மடக்கிக்கொண்டு நேராகச் சுவர் கட்டப்போகும் கரை வாரியத்துக்குப் போனாள்.

* * *

வாரியத்தில் திட்டப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் சுகிர்தராஜ். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சுவர் முழுக்க அவளுடைய படம்தான் மாட்டியிருந்தது. கல்தூண்கள், புகை படிந்த கடல், ஆளில்லாத கரை. அவளைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டார்.

"சார், அந்தக் கரையில ஆள் இருக்காங்க."

"எனக்குத் தெரியாதா மேடம்? போன ஞாயித்துக்கிழமைகூட அங்கதான் வஞ்சிரம் வாங்கினேன்."

"அப்புறம்?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? ரெட்டைக்குத் தெரியணும்."

ரெட்டை என்றால் நகரத்தின் இரட்டை. கணினிக்குள் இன்னொரு சென்னை, கல் கல்லாக, தெருத் தெருவாக. சாக்கடை எங்கே ஓட வேண்டும், பாலம் எங்கே இறங்க வேண்டும், சுவர் எங்கே எழும்ப வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். அதற்குள் இல்லாதது ஊரிலும் இல்லை என்பது இப்போது எழுதாத சட்டம்.

"அதுக்குக் கண்ணு கிடையாதா? எல்லார் கையிலயும் போன் இருக்கு. தினம் லட்சம் படம் எடுக்கிறாங்க."

சுகிர்தராஜ் பொறுமையாகத்தான் சொன்னார். "அந்தப் படத்தை நம்பித்தானே மேடம் அன்னிக்குக் கெட்டோம்? உக்காந்த இடத்துலயே யாரு வேணும்னாலும் எந்தப் படத்தையும் செஞ்சாங்க. கட்டாத பள்ளிக்கூடத்துக்குக் கட்டின மாதிரி படம். தண்ணி நிக்கிற ஏரிக்குப் பொட்டல்காடு மாதிரி படம். கோர்ட்டே கையை விரிச்சிருச்சு. அதுக்கப்புறம்தான் முத்திரைக் கேமரா வந்துச்சு. உங்ககிட்ட இருக்கிறது அதுதான். உள்ளே விழுந்த வெளிச்சத்தை யாரும் தொட முடியாது. விழுந்த நிமிஷமே ரெட்டைக்கு ஒரு நகல் போயிரும்."

அது அவளுக்குத் தெரியும். கேமராவோடு வந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கலைக்கு அதனால் என்ன என்று அன்று நினைத்தாள்.

"உங்க சர்வேயர்களும் முத்திரைக் கேமராதானே வச்சிருக்காங்க? அவங்க படத்துல ஆள் இருப்பாங்களே?"

"இருப்பாங்க. ஆனா அதெல்லாம் கண் சிமிட்டுற நேரத்துப் படம். ஒரு நொடிப் படத்துக்கு லாரியில ஆயிரம் பேரைக் கொண்டுவந்து இறக்கி நிறுத்திட்டுப் போயிரலாம். அப்படியும் செஞ்சு பாத்துட்டாங்க. அதனால ரெட்டைக்கு ஒரே கணக்கு. எவ்வளவு நேரம் வெளிச்சத்தைப் பாத்துச்சோ, அந்தப் படத்துக்கு அவ்வளவு எடை. கால் மணி நேரம் கண்ணைத் திறந்து வச்சிட்டு, 'இங்கே யாரும் இல்லை'ன்னு நீங்க சொல்றீங்க. அதுவும் ஒரு தடவை இல்ல, பன்னிரண்டு வருஷமா. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

நிரஞ்சனாவுக்குக் காது சூடானது. அவருக்குப் பின்னால் இருந்த படத்தை நிமிர்ந்து பார்க்கப் பிடிக்கவில்லை.

"சரி. என் படங்களை எல்லாம் நான் திரும்ப எடுத்துக்கிறேன்."

"எடுக்க முடியாது மேடம். அதுக்குத்தானே முத்திரை."

மேஜை மேல் திட்ட வரைபடம் விரிந்திருந்தது. சுவர் கரையோரமாக நேராக வந்து, கல்தூண்களுக்குப் பக்கத்தில் மட்டும் பணிவாக வளைந்து விலகிப் போனது.

"இங்க மட்டும் ஏன் வளையுது?"

"அது ரெட்டைக்குப் போட்ட முதல் விதி. பழைய கட்டடங்களை இடிச்சுத் தள்ளிட்டு, 'இங்கே ஒண்ணுமே இல்லையே'ன்னு சொன்ன காலம் ஒண்ணு இருந்துச்சில்லையா? அதனால கரையில அசையாம நிக்கிற எதையும் தொடக்கூடாது. ஒத்தைக் கல்லுன்னாலும் சுத்திக்கிட்டுத்தான் போகணும்."

"கல்லுக்கு இருக்கிற மரியாதை மனுஷனுக்கு இல்ல."

"மனுஷனுக்கும் விதி இருக்கு. ஆள் இருக்குன்னு ரெட்டை ஒத்துக்கிட்டா முதல்ல வேலையை நிறுத்தணும். கூப்பிட்டுப் பேசணும். வேற இடம் காட்டணும். அதுக்கெல்லாம் முதல்ல ஆள் இருக்கணுமே."

"இருக்காங்கன்னு நான் காட்டுறேன். என்ன செய்யணும்?"

சுகிர்தராஜ் அவளை ஒரு கணம் பார்த்தார். "அதே இடம், அதே கோணம், அதே கால் மணி நேரம். அதுல ஆள் தெரிஞ்சா ரெட்டை முன்ன சொன்னதைத் திரும்ப யோசிக்கும். ஆனா எப்படித் தெரிவாங்க? உயிரோட இருக்கிறவன் அசையாம இருப்பானா?"

"அது என் கவலை" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

* * *

குப்பத்தின் நாட்டார் கோதண்டம். ஊர்க்காரியம் எதுவானாலும் அவர் சொல்லித்தான் நடக்கும். அன்று சாயங்காலம் அம்மன் கோயில் வாசலில் அவரும் மற்றவர்களும் கூடியிருக்க, நிரஞ்சனா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். தன் படங்கள்தான் காரணம் என்பதைச் சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் குரலைத் தாழ்த்தாமல் சொல்லி முடித்தாள்.

கோதண்டம் தொண்டையைச் செருமினார். எழுபது வயது. கடலில் துடுப்புப் பிடித்த வலது கை இப்போது எந்நேரமும் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

"நீ வர்ற அன்னிக்கெல்லாம் படக அந்தாண்ட இஸ்துப் போடுவோமே, ஞாபகம் கீதா? வலைய சுருட்டி வெப்போம். ஐஸ் பொட்டிய தூக்கி ஓரமா வெப்போம்."

நன்றாகவே ஞாபகம் இருந்தது. முதல் வருடம் அவள்தான் தயங்கித் தயங்கிக் கேட்டாள், அண்ணே, அந்த நீலப் படகு மட்டும் கொஞ்சம் தள்ளி இருந்தால் நன்றாக இருக்கும் என்று. அதற்குப் பிறகு கேட்க வேண்டிய தேவையே வரவில்லை. அவள் தலை தெரிந்ததும் பத்துப் பேர் வந்து படகுகளை இழுத்து விடுவார்கள். நம்ம கரை அழகாக விழட்டும் என்று அவர்களுக்கும் ஒரு பெருமை. படம் பத்திரிகையில் வந்தபோது டீக்கடையில் வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

"அப்போ நாங்களே எங்க கரைய காலி பண்ணிக் காட்டிக்கினு இருந்தோம். அத்தானே சொல்ற?" என்றாள் தேசம்மா.

"ஆமாக்கா. நான் கேட்டேன், நீங்க செஞ்சீங்க. தப்பு என்னுது. அழுதுகிட்டு உக்கார நேரம் இல்ல. அமாவாசைக்குள்ள ஒரு படம் எடுக்கணும். அதுல நீங்க எல்லாரும் இருக்கணும். கால் மணி நேரம் யாரும் அசையக்கூடாது."

"சும்மா நிக்கணும். அவ்ளோதானா?" என்று ஓர் இளைஞன் இளக்காரமாகக் கேட்டான்.

"நின்னு பாருங்க."

அவன் எழுந்து நின்றான். ஊரே அவனைப் பார்த்தது. மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்தது. அவ்வளவுதான், பையன் தலையை உதறினான். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அந்தச் சிரிப்பில் கோபமும் கொஞ்சம் கரைந்தது.

தேசம்மாவுக்கு மட்டும் கரையவில்லை. "காலம்பற எய்ந்ததுலேந்து ஓடிக்கினேதான் கீறோம். ஓடுனாத்தான் சோறு. அசையாம நின்னாத்தான் நாங்க கீறோம்னு நம்புவானாமா? எந்த ஊரு நாயம் இது?"

"நியாயமே இல்லக்கா. ஆனா செவுரு வந்தப்புறம் நியாயம் பேசி ஒண்ணும் ஆகாது."

தேசம்மா கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நிக்கறோம். ஆனா நிக்கிற எடத்த நீ சொல்லாத. நாங்க சொல்றோம்."

* * *

இடம் விஷயத்தில்தான் முதல் தகராறு. பழக்க தோஷம், நிரஞ்சனா மணலில் கோடு கிழித்து வரிசை போட்டுவிட்டாள். உயரமானவர்கள் பின்னால், பெண்கள் தூண்களுக்கு இணையாக, நடுவில் வானம் தெரிகிற மாதிரி ஒரு இடைவெளி. பார்க்க அம்சமாக இருந்தது.

"நாங்க இன்னா ஸ்கூல் பிரேயருக்கா வந்துகீறோம்?" என்று தேசம்மா காலாலேயே கோட்டை அழித்தாள். "மீனு விக்கிற எடத்துலதான் நான் குந்துவேன். வலை பின்றவன் வலையாண்டதான் இருப்பான். வேல செய்ற எடத்துல நிக்கலன்னா அப்பால எதுக்கு நிக்கறது?"

அவள் சொன்னது சரி என்று நிரஞ்சனாவுக்கு உடனே பட்டது, மனதுதான் கேட்கவில்லை. நீல ஐஸ் பெட்டிகள், பிளாஸ்டிக் வாளிகள், குறுக்கே ஓடும் ஒயர், துணி காயும் கொடி, எல்லாம் சட்டத்துக்குள் வந்து விழும். ஒரு டீ கிளாஸ் கிடந்தால்கூட எடுத்து ஓரம் வைத்துவிட்டுப் படம் எடுத்தவள் அவள். அன்று எதையும் எடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சியைப் பிள்ளைகள் தொடங்கிவைத்தார்கள். 'ஸ்டேச்சூ' என்று கத்தினால் அப்படியே உறைந்து நிற்கும் விளையாட்டு அவர்களுக்கு ஏற்கெனவே அத்துப்படி. இரண்டே நாளில் அது பெரியவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. டீ ஆற்றுகிறவர் கை தூக்கிய வாக்கில் நின்றார். பேரம் பேச வந்த வெளியூர்க்காரர், மீன்காரிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் சிலையாகிப் போனதைக் கண்டு மிரண்டு ஓடினார். கொஞ்சம் கொஞ்சமாக நிற்கும் நேரம் கூடியது. எடை முழுவதையும் ஒரு காலில் போடாதீர்கள், கண்ணைச் சிமிட்டலாம், மூச்சு விடலாம், தலையை மட்டும் திருப்பாதீர்கள் என்று நிரஞ்சனா ஆள் ஆளாகப் போய்ச் சொன்னாள். தொண்டை கட்டிக்கொண்டது.

கோதண்டம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்தக் கைய இன்னா பண்றது? நான் வேணாம்னாலும் ஆடுது."

"படகு விளிம்புல அழுத்திப் பிடிச்சுக்குங்க நாட்டாரே. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

தன்ஷிகாவுக்குத்தான் வழி சொல்ல முடியவில்லை. இருபத்து மூன்று வயது, கைக்குழந்தை ஐந்து மாதம். ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் அது அழாது. நிறுத்தினால் ஊரைக் கூட்டிவிடும்.

"நீ வீட்டுல இருந்துரு தங்கச்சி. ஆடிக்கிட்டே நின்னா நீ படத்துல சரியா விழமாட்ட. புகை மாதிரி ஏதோ ஒண்ணுதான் தெரியும்."

"பரவால்லக்கா. எம்புருசன் படகு இங்கதான் நிக்கிது. நானும் இங்கதான் நிப்பேன்" என்றாள் தன்ஷிகா. அதற்கு மேல் பேச அவள் இடம் கொடுக்கவில்லை.

* * *

அமாவாசைக்கு முதல் நாள் காலை. யாரும் கடலுக்குப் போகவில்லை. படகுகள் எல்லாம் கரையில் ஏறி நின்றன. அன்றைக்கு ஒரு படகையும் யாரும் இழுத்துத் தள்ளவில்லை. காற்று குறைவாக இருந்தது, அது ஒரு நல்ல காலம். நிரஞ்சனா பழைய இடத்தில் முக்காலியை ஊன்றினாள். கறுப்புக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள்.

"எல்லாரும் ரெடியா?"

"நீ கத்தும்மா!" என்றாள் தேசம்மா.

"ஸ்டேச்சூ!"

கேமராவைத் திறந்தாள். நெடுங்கரைக் குப்பம் நின்றது.

இத்தனை வருடத்தில் கேமரா திறந்திருக்கும் கால் மணி நேரத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த நேரமெல்லாம் டீக்கடையில்தான் கழிந்திருக்கிறது. தன் கேமரா யாரை அழித்துக்கொண்டிருந்ததோ, அவர்களோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாள். இன்று டீக்கடையிலும் யாரும் அசையவில்லை. ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி வலை பின்னுகிறவர்கள், கூடையைத் தலைக்கு ஏற்றப் பாதி தூக்கிய இரண்டு பெண்கள், கயிற்றைப் பிடித்த பையன்கள், எடைக்கல்லைத் தட்டில் வைக்கப் போன கை. யாரும் வேலையை நிறுத்தியவர்களாகத் தெரியவில்லை. அடுத்த நொடி அந்தக் கல் தட்டில் விழும் என்றே தோன்றியது. விழவில்லை.

ஒரு காக்கை வந்து தேசம்மாவின் கூடை விளிம்பில் உட்கார்ந்தது. அவளைப் பார்த்தது. நம்ப முடியாமல் மறுபடி பார்த்தது. பிறகு சாவகாசமாக ஒரு சங்கரா மீனைத் தூக்கிக்கொண்டு பறந்தது. தேசம்மாவின் கழுத்து நரம்பு புடைத்தது. வேறொன்றும் அசையவில்லை. சாதாரண நாளாக இருந்தால் அந்தக் காக்கையின் பரம்பரைக்கே ஏச்சு கிடைத்திருக்கும்.

அலை ஒன்று மற்றவற்றைவிட மேலே ஏறி வந்து, முன்னால் நின்ற பெண்களின் முழங்கால் வரை நனைத்துவிட்டுப் போனது. காலுக்கடியில் மணல் அரித்தது. அவர்கள் நின்றார்கள். கோதண்டம் படகு விளிம்பைப் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்துப்போயின. கை நடுங்கவில்லை. முகத்தில் வியர்வை ஓடியது. தன்ஷிகா மட்டும் குழந்தையைத் தோளில் போட்டு மெல்ல இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தாள். இடத்தை விட்டு நகராமல், ஒரே சீராக.

நிரஞ்சனாவுக்கு அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டாள். கன்னத்தைத் துடைக்கக் கையைத் தூக்கவில்லை. அவர்கள் நிற்கும்போது தானும் நிற்பதுதான் மரியாதை என்று பட்டது.

கடைசியில் கேமராவை மூடிவிட்டு, "முடிஞ்சுச்சு!" என்று கத்தினாள். எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். தேசம்மா எழுந்து முதல் வேலையாகக் காக்கையைத் திட்டினாள்.

* * *

அமாவாசை போனது. மறுநாள் காலை கரைக்கு இயந்திரம் எதுவும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. முளைகள் மட்டும் அப்படியே நின்றன. ஞாயிற்றுக்கிழமை சுகிர்தராஜ் வந்தார். கையில் மீன் பையும் இருந்தது, பலகைக் கணினியும் இருந்தது. நிரஞ்சனா டீக்கடையில் தேசம்மாவோடு உட்கார்ந்திருந்தாள்.

"ரெட்டை ஒத்துக்கிச்சா சார்?"

"சுவர் இந்தப் பக்கம் வராது. கரையை விட்டு முழுசா விலகிச் சுத்திப் போகுது." அவர் குரலில் சந்தோஷம் இருந்தது, ஆனால் முழுதாக இல்லை. "ஒரு சிக்கல் இருக்கு மேடம். அதை நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன்."

கணினியைத் திருப்பி வைத்தார். அவள் எடுத்த படம். கடல் புகையாகக் கிடந்தது. அதற்கு முன்னால் குப்பம் முழுவதும் துல்லியமாக, ஒயரும் வாளியுமாக நின்றது. அவள் எடுத்ததிலேயே மிக நெரிசலான, ஒழுங்கே இல்லாத படம். அவளுக்கு அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஒவ்வோர் ஆளைச் சுற்றியும் ரெட்டை மெல்லிய பச்சைக் கோடு போட்டிருந்தது. பழைய கல்தூண்களைச் சுற்றியும் அதே பச்சைக் கோடு.

"ஏன் எல்லாத்துக்கும் ஒரே கலர்?"

"அதுதான் சிக்கல்." சுகிர்தராஜ் டீயைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை. "கால் மணி நேரம் அசையாத ஒண்ணை ரெட்டை இதுவரைக்கும் மனுஷனாப் பாத்ததே இல்ல. அதனால இவங்க எல்லாரையும் தூண்னு எடுத்துக்கிச்சு. பழைய இறங்குதுறையோட மிச்சம்னு. மனுஷங்க இருக்காங்கன்னு சுவர் விலகலை மேடம். தூண்களைத் தொடக்கூடாதுன்னுதான் விலகுது."

நிரஞ்சனாவுக்குச் சுருக்கென்றது. "இவங்களை மனுஷங்கன்னு காட்டத்தானே இவ்வளவும் பண்ணினோம்? திருத்துங்க சார். நீங்க திருத்தலாமில்ல?"

"மனு வந்தா திருத்தலாம். மனு வரலைன்னா நானாப் போய்த் திருத்தணும்னு விதி இல்ல." குரலைத் தாழ்த்தினார். "ஆனா யோசிச்சுச் சொல்லுங்க. திருத்தினா இவங்க மனுஷங்க ஆயிருவாங்க. மனுஷங்கன்னா கூப்பிட்டுப் பேசணும், வேற இடம் காட்டணும், அப்புறம் நகர்த்தலாம். எங்க வேணும்னாலும் நகர்த்தலாம். தூணை நகர்த்த முடியாது."

நிரஞ்சனா பதில் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் இதை முடிவு செய்ய வேண்டியவள் தான் அல்ல என்று தோன்றி, தேசம்மாவைப் பார்த்தாள்.

தேசம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கணினியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு படத்தில் தன்னைத் தேடினாள். கண்டுபிடித்தாள். கூடைக்குப் பின்னால், கையில் கத்தியோடு, பச்சைக் கோட்டுக்குள்ளே. காக்கை படத்தில் விழவில்லை.

"எங்க சின்னம்மாவ மனுசின்னு எய்தித்தான் கூட்டிக்கினு போனாங்க. கடலே தெரியாத எடத்துல, ஒம்போதாவது மாடில போட்டாங்க. மீனு விக்கறதுக்குப் போய்வர நாலு மணி நேரம்." அவள் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். "தூணாவே இருந்துட்டுப் போறோம் சார். மனு கினு ஒண்ணும் வராது. இந்தப் படம் எவ்ளோ நாளிக்கு நிக்கும்?"

"ஒரு வருஷம் செல்லும். அப்புறம் புதுப்படம் வேணும்."

"அப்போ வருசா வருசம் நிப்போம். ஆடி மாசம் கூழு ஊத்துற மாதிரி இதுவும் ஒரு வேலை. போட்டோம்மா வருவா. வருவல்ல?"

"வராம எங்க போவேன்க்கா."

தேசம்மா கணினியைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் நிறுத்தினாள். படத்தின் ஓரத்தில், ஒரு படகின் பக்கத்தில், வெள்ளையாக ஏதோ கலங்கி நின்றது. ஓர் உருவம், தோளில் இன்னொரு சின்ன உருவம், இரண்டும் ஒன்றாய்க் கரைந்து. அதைச் சுற்றிப் பச்சைக் கோடு இல்லை. சிவப்பில் ஒரு புள்ளி மட்டும் இருந்தது.

"இது இன்னா சார்? இதும் மேல இன்னா எய்திக்கீது?"

சுகிர்தராஜ் குனிந்து பார்த்தார். படித்துவிட்டு, இன்னொரு முறை படித்தார்.

"'மனிதராக இருக்கலாம்'னு போட்டிருக்கு" என்றார். "வெறும் 'இருக்கலாம்'னா அதுக்கு விதி எதுவும் கிடையாது. ஆனா முழுப் படத்துலயும் அது ஒண்ணைத்தான் அப்படிச் சொல்லுது."

வெளியே மணலில் தன்ஷிகா குழந்தையைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டே யாரிடமோ மீன் விலை பேசிக்கொண்டிருந்தாள். தேசம்மா அவளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போட்டோம்மா, அந்தப் பொண்ணாண்ட சொல்லி வெய்யி. அடுத்த வருசம் கொயந்த வளந்துடும், ஆட்டாமலே அசையாம தூங்கும். அப்போ வேற யாராச்சும் கைப்புள்ளய வெச்சி ஆட்டிக்கினு நிக்கணும். ஒருத்தராச்சும் மனுசனா இருக்கட்டும்."